எண்ணிக்கை விடாத ஞாயிறு

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். திருப்பூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டின் குளியலறைக்குள் நடந்தது இது.

பனியனில் படம் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஸ்கிரீன் தயாரிக்கும் வேலை. துணி கட்டிய சட்டத்தில் மருந்து பூசி, வெளிச்சம் காட்டிப் படத்தை இறக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கருப்பு வெள்ளை போட்டோ போடும் ஆசையும் வந்து, நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கும் பழைய என்லார்ஜர் ஒன்றை வாங்கிக் குளியலறையில் வைத்திருந்தேன். மனைவி இருந்தவரை, "குளிக்க எடமில்லீங்க, உங்க மிஷினுக்கு மட்டும் எடமிருக்குது" என்று திட்டுவாள். அவள் போன பிறகு திட்ட ஆளில்லை. கம்பெனி விட்டு வந்தால் மறுநாள் காலைவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத நாட்கள்தான் அதிகம்.

அவளைத் தனியாக நான் எடுத்தது ஒரே ஒரு படம். ஜன்னலோரம் நிற்கிறாள். ஜன்னல் பளீரென்று இருக்கிறது, முகம் இருட்டில் கிடக்கிறது. மறுநாள் முதல் வருஷத் திதி. அதற்குள் அந்த முகத்தை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாளில் வெளிச்சம் விழும்போது, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் கறுக்காது. பிறகு ஜன்னலுக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்ட வேண்டும். மெல்லிய பனியன் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக்கட்டி லென்சுக்குக் கீழே பிடித்தால் படம் இளகி வரும். இது நானே கண்டுபிடித்ததாக நினைப்பு. எல்லாம் நொடிக் கணக்கு, வாய்க்குள் எண்ண வேண்டும். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், நூல் இழை பிசகினாலும் பீஸை ஒதுக்கிவிடுவாள். நானும் அப்படியே ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் ஒரே தாள் மிஞ்சியது.

அந்தத் தாளுக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது, வெளி வாசலைப் பார்த்த குளியலறைக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்குத் தையல் வேலை, கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை.

"அண்ணாச்சி, உள்ள இருக்கியளா?"

பதினேழு, பதினெட்டு. வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணி முடித்துத் தாளை டெவலப்பர் மருந்துத் தட்டில் போட்டேன். அப்போதாவது பதில் சொல்லியிருக்கலாம். வந்தவர் பிறகு வரட்டும் என்று ஒரு வீம்பு. தட்டுவது அதிகமானது. நான் மருந்துத் தட்டிலேயே கண்ணாக இருந்தேன். புருவம் வந்தது, மூக்குத்தி வந்தது. முகம் வரப்போகிற நேரத்தில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. வெயில் உள்ளே கொட்டியது.

அவருடைய கணவர் கடப்பாரையோடு நின்றார்.

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன். அந்தக் கோபத்திலும் 'ங்க' மட்டும் போகவில்லை.

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஆசிட் வாடை அடிச்சிச்சு அண்ணாச்சி. கூப்பிட்டா சத்தமே இல்ல. நாளைக்கு மதினிக்குத் திதின்னு வேற தெரியும். ஏதும் குடிச்சிட்டியளோன்னு..."

படம் தெளிந்ததும் மேலும் கறுக்காமலிருக்க முக்கியெடுப்பதற்கு நான் வைத்திருந்த ஆசிட்டும் சாயப்பட்டறை ஆசிட்டும் ஒன்றுதான். கணவரின் சட்டையில் தினமும் அந்த வாடையைத் துவைப்பவருக்குத் தெரியாதா? நான் பேச்சை விட்டதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவமானமாக இருந்தது.

படம் பாதி வரும்போது நொடிநேரம் வெளிச்சம் காட்டி, உருவத்தைச் சுற்றி வெள்ளிக்கோடு வரவைக்கும் வித்தை ஒன்று உண்டு. அப்படி ஏதாவது மிஞ்சியதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுக் கறுப்பு. மறுநாள் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டேன். சாப்பிட அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். அதுவரை யாரையும் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு தாள் வாங்கி அந்த முகத்தைக் கொண்டுவந்துவிட்டேன். இப்போதெல்லாம் சிவப்பு பல்பைப் போடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுகிறேன். இருந்தும் அரைமணிக்கொரு தரம் கதவில் ஒரு தட்டு விழுகிறது.

"அண்ணாச்சி?"

"இருக்கேனுங்க."

எண்ணிக்கை விட்டுப்போகும், தாளும் வீணாகும். போனால் இன்னொரு தாள் வாங்கிக்கொள்ளலாம். 'இருக்கேனுங்க' என்று நான் சொல்வதற்கு, முதலில் யாராவது கேட்க வேண்டுமே.