வாசலில் கிடைத்த சம்மதம்

வீட்டுக்கு முன்னால் ஓடும் லொறிகளின் புகையால் துசியந்திக்கு இளைப்பு வந்தது. அந்தக் கோபத்தில்தான் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்தார். லொறியைப் பற்றிப் பேச அங்கே யாரும் அவரை விடவில்லை. கட்சியிலிருந்த ஒரே தமிழர் என்று, தேர்தலுக்கு வோட்டுக் கேட்கத் தமிழ் வீடுகளின் பட்டியலைக் கையில் திணித்தார்கள்.

போன வீடெல்லாம் தேத்தண்ணி. "ஓம் அக்கா, எங்கட வோட்டு உங்களுக்குத்தான். யோசியாதேங்கோ" என்றார்கள். நூற்றுப்பன்னிரண்டு பேரைத் துசியந்தி எழுதிக்கொண்டார். வட்டாரம் முழுவதிலும் கட்சிக்கு விழுந்தவை அறுபத்தொரு வோட்டுகள்.

வாசலுக்கு வந்தவரிடம் எங்கள் சனம் இல்லையென்று சொல்லாது என்று கட்சிக் கூட்டத்தில் விளக்கினார். "அப்படியானால் இன்னும் நிறைய வாசல்களுக்குப் போங்கள்" என்றார் செயலாளர் மார்கரெட். துசியந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே விலகல் கடிதம் அனுப்பினார்.

சனிக்கிழமை மார்கரெட் தானே செய்த கேக்குடன் வீட்டுக்கே வந்துவிட்டார். துசியந்தி தேத்தண்ணி ஊற்றினார், றோல்ஸ் பொரித்து வைத்தார்.

"நீங்கள் போனால் கமிட்டியில் எல்லோரும் வெள்ளைக்காரர்தான். இன்னும் ஒரு வருடம் இருப்பீர்களா?"

ஏலாது என்று சொல்லத்தான் துசியந்தி வாயைத் திறந்தார். மார்கரெட் றோல்ஸைக் கடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் துசியந்தி.

அந்த நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும், ஓம் சொன்ன பிறகு வோட்டுச்சீட்டில் மாற்றிப் புள்ளடி போடச் சாவடியில் ஒரு மறைப்பாவது இருந்தது. இங்கே மார்கரெட் புதிய பட்டியலை மேசையில் விரித்து, பேனையையும் நீட்டினார்.