வெறும் கூடையோடு பிடிபட்ட ஞாயிறு

இது நடந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்பில் இன்னும் குண்டு விழாத மாதங்களில். இடம் வெள்ளவத்தை. அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டின் கடைசி அறையில் தனியாக இருப்பவன். தேயிலைப் பெட்டி அடிப்பது என் தொழில். நாள் முழுக்கப் பலபேர் ஆணி அடிக்கும் கொட்டிலில் யாரும் யாரோடும் பேச முடியாது. கூச்சக்காரனான எனக்கு அது வசதியாகவே இருந்தது. கலியாணம் செய்யவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் நான் வாய் திறக்காததால், மாப்பிள்ளை ஊமையோ என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள்.

என்னிடம் ஆறு புறாக்கள் இருந்தன. உடைந்த பெட்டிப் பலகைகளால் கூரையில் கூடு செய்து வைத்திருந்தேன். அவற்றில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மகா கெட்டிக்காரி. வீடு திரும்பப் பழக்குவதென்றால் புறாவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிய தூரத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். முதலில் மருதானையில் விட்டேன், பிறகு கொள்ளுப்பிட்டியில், பிறகு வெள்ளவத்தையில். ஞாயிறு மாதா கோயிலில் முதற்பூசை முடிந்ததும் அவளை மூடிக் கூடையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவேன். கூடைக்குள் அவள் குமுறும்போது பக்கத்தில் இருப்பவர் பசியோ என்று என் வயிற்றைப் பார்ப்பார். நான் திரும்பி வரும்போது எனக்கு முன்பே வந்து கூரையில் நிற்பாள். எனக்காக ஓர் உயிர் வீட்டில் காத்திருக்கிறது என்ற எண்ணம் கிழமையில் அந்த ஒரு நாள்தான் வரும்.

வெள்ளவத்தையில் விட்ட முதல் நாள், கடற்கரையில் காற்று அதிகமாக இருந்ததால் வீடுகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கைக்குள் வந்து அவளைப் பறக்க விட்டேன். ஒரு வட்டம் அடித்து வடக்கே போனாள். திரும்பி நடக்கும்போது ஒரு வீட்டுக்குள் இருந்து வயலினும் ஒரு பெண்ணின் பாட்டும் கேட்டன. கோயில் பாட்டைத் தவிர வேறு பாட்டை நான் அதுவரை நேரில் கேட்டதில்லை. அந்தப் பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வேறு விதமாக வந்து இறங்கியது. ஆறு நாளாகக் காதுக்குள் இருந்த சுத்தியல் சத்தம் அப்போதுதான் நின்றது. மதிலோடு சாய்ந்து, பாட்டு முடியும்வரை நின்றேன்.

அடுத்த முறை தெஹிவளைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பறவைக்குப் பழக்கம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதே ஒழுங்கைக்கே போனேன்.

ஐந்தாவது ஞாயிறு பிடிபட்டேன். எதிர்வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் வழியை மறித்தார். சத்தம் கேட்டு, பாட்டு நடந்த வீட்டு ஐயா வயலின் வில்லோடு கேற்றைத் திறந்தார்.

“நீர் ஆர்? ஒவ்வொரு ஞாயிறும் இந்த மதிலோட என்ன வேலை?” என்று ஐயா கேட்டார்.

“புறா விட வந்தனான் ஐயா.”

“எங்க புறா?”

கூடையைத் திறந்து காட்டினேன். அவள் எப்போதோ பறந்துவிட்டாள்.

“வெறுங்கூடை,” என்றார் எதிர்வீட்டுக்காரர். “இங்க நிரப்பிக்கொண்டு போகப் பாக்கிறான். பொலிசுக்குச் சொல்லுவம்.”

ஐயா குனிந்து கூடைக்குள் ஒட்டியிருந்த இறகை எடுத்துப் பார்த்தார்.

“புறாக்காரர்தான். சரி, அதுதான் பறந்திட்டுதே. பிறகும் ஏன் நிக்கிறீர்?”

நான் கூடையின் மூடியைத் திரும்பப் போட்டேன். அதற்குள் பாடியவர் விறாந்தைக்கு வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். ஐயாவின் தங்கை.

“அண்ணை, அவரை விடுங்கோ. அவர் பாட்டுக் கேக்கத்தான் நிக்கிறார். நான் முடிக்கத்தான் போறவர்,” என்றார். பிறகு தானே ஒரு கதிரையைத் தூக்கி வந்து வைத்தார். “உள்ள வந்து இருந்து கேளுங்கோ.”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் செருப்பில்லாத என் காலையும், நெளிந்த நகங்களையும், மெத்தை போட்ட அந்தக் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தேன். என் வாயில் வந்தது வேறு.

“இல்லை அம்மா. எனக்குப் பாட்டெல்லாம் விளங்காது. ரயிலுக்கு நேரமாச்சு.”

அவருடைய முகம் சுருங்கிப்போனது. “விளங்காட்டி என்ன,” என்று மெல்லச் சொன்னார். நான் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி அவ்வளவு நேரமும் இருந்தேன்.

அதன்பிறகு புறாவைத் தெஹிவளைக்குக் கொண்டுபோனேன். வெள்ளவத்தையில் ரயில் நிற்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன். இப்படிச் சில கிழமைகள் போயின. ஒரு நாள் கூட்டுக்குத் தீன் போடும்போது, “உங்கட பாட்டுக் கேக்கத்தான் அம்மா வந்தனான்” என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்குப் புதுச் சட்டை தைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த உயிர்த்த ஞாயிறு காலையில்தான் கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்தது. துறைமுகப் பக்கம் புகை எழும்ப, கொட்டாஞ்சேனையே கலைந்து ஓடியது. எனக்கு ஓடிப்போக இடமும் இல்லை, புறாக்களை விட்டுப்போக மனமும் இல்லை. இரண்டு கிழமை கழித்து வெள்ளவத்தைக்குப் போனேன். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டுக் கேற்றிலும் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்றார். என்னைக் கண்டு இந்த முறை அவர் சத்தம் போடவில்லை.

“அவை யாழ்ப்பாணம் போயிட்டினம். இனி வருவினமோ தெரியாது.”

நான் தலையாட்டினேன்.

“உம்மைப் பற்றி ஒருக்கா அந்தப் பிள்ளை என்னட்டக் கேட்டது. தன்ர பாட்டுப் பிடிக்கேல்லையாக்கும், அதுதான் வரேல்லை எண்டு சொல்லிச்சுது.”

யுத்தம் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் கூச்சம் எனக்கு மட்டுமே நட்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கேயோ ஒரு வீட்டில், தன் பாட்டு ஒருவனுக்குப் பிடிக்கவில்லை என்று அந்த அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாரே என்பதுதான், தனியாக இருக்கும் நேரங்களில் என்னை வந்து குத்துகிறது.