காற்றுக் குழாய்க்கு ஒன்றரை இஞ்ச்

திருநகரில் நாங்கள் வீடு கட்டியபோது, கக்கூஸ் குழாயிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே ஏறும் காற்றுக் குழாய் மூன்று இஞ்ச் இருக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. அப்பா விடவில்லை.

"நாத்தம் போறதுக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெருசு? தெரு பூராம் மூக்கைப் பிடிக்கவா? ஒண்ணரை போதும்."

அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். குழாய் சிறுத்தால் நாற்றமும் குறையும் என்று நாங்களும் தலையாட்டினோம். கீழ்த்தளம் மட்டும் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து அண்ணன் மாடி எடுத்து, குடும்பத்தோடு மேலே குடிபோனான். அந்த வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கக்கூஸை ஒட்டிய கீழறையில் படுக்கையானார். கல்யாணமாகாத மகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்த அறையில் நாற்றம் கிளம்பியது. படுத்துக் கிடக்கிற மனுஷன். பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்! மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி கொண்டுவந்து வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காலையில சாயந்தரம் நான் துடைச்சு விடுறேன். அப்பாகிட்ட இருந்து வரல மதினி!"

"பெத்த அப்பா. உங்களுக்கு அந்த நாத்தம் தெரியாது" என்றாள்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, "இன்னொரு தடவ சோப்புப் போட்டுத் துடைச்சு விடுத்தா" என்று கெஞ்ச ஆரம்பித்தார். துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் மகள் கட்டிலில் ஏறி, சிலேட்டில் கட்டம் போட்டு அவரோடு ஆடுபுலி ஆடுவாள். அவளையும், "வாசல்லயே நில்லு தாயி" என்று நிறுத்திவிட்டார்.

ஒருநாள் மாடிக் கக்கூஸில் யாரோ வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்ற, கீழே கக்கூஸ் கோப்பை களக் களக்கென்று விக்கியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோப்பையின் வளைவில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீரைக் காணோம். நாற்றம் முகத்தில் அடித்தது. அண்ணன் போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தான்.

"மேல இருந்து விழுற தண்ணி காத்தையும் சேத்து இழுக்கும். ஒண்ணரை இஞ்ச்ல அம்புட்டுக் காத்து எப்படிண்ணே வரும்? அதான் கீழ நிக்கிற தண்ணிய உறிஞ்சிருது. கக்கூஸ் தொட்டி நாத்தத்த அடைச்சு நிக்கிறதே அந்தத் தண்ணிதான்."

மூன்று இஞ்ச் குழாய் ஏறியது. நாற்றம் போயே போய்விட்டது.

நான் அப்பாவிடம் ஓடினேன். "குழாய்தாம்ப்பா! நீங்க இல்லப்பா!"

"நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சிரித்தார். "சோப்ப எடுத்துட்டு வா."

மதினி அழுதுகொண்டே மகளைத் தூக்கிவந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளையத் தூக்கிட்டுப் போங்கம்மா. பாவம், சொல்லத் தெரியாம சகிச்சுக்கிட்டு இருக்கு."

சாகிறவரைக்கும் அவர் பேத்தியைத் தொடவே இல்லை.