முனியாண்டி சுவரில் பேட்டரி

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பழைய தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. இடி இடித்தால் கரண்டு போய்விடும். அம்மாவோ ஆக்சிஜன் இயந்திரத்தில் மூச்சு விடுகிறவர். எங்கள் குடும்பத்தில் வருமான வரி கட்டும் முதல் ஆள் நான். கரண்டு போனாலும் வீட்டுக்கு மின்சாரம் தரும் பேட்டரி பொருத்தினால் வரிச்சலுகை உண்டு, வருஷ முடிவுக்குள் பொருத்தியாக வேண்டும் என்றார்கள். உடனே ஈப்போவிலிருந்து ஆட்களை வரவழைத்தேன்.

வெயில் படாத சுவர் ஒன்றுதான் இருந்தது. அதில் எங்கள் காவல் தெய்வம் முனியாண்டியின் பாராங் கத்தி தொங்கியது; அப்பாவுக்கு அந்தக் கத்திதான் சாமி. திருவிழாவுக்குச் சேவல் அறுக்கிற கத்தி. அதைக் கழற்றி, துணியில் சுற்றி, மேசைமேல் வைத்தேன். ஆட்கள் பேட்டரியை மாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல காரியம், அப்பா கையால் சுவிட்ச் போடட்டும் என்று காத்திருந்தேன்.

காவலாளி வேலை முடிந்து அப்பா வந்தார்.

“எங்கடா சாமி?”

“மேச மேல இருக்குப்பா. மத்த செவுரெல்லாம் வெயிலு. வரியில கழிச்சுக்கலாம், இந்த வருஷத்த விட்டா...”

“வரியில கழிக்கிறதுக்குச் சாமியக் கழட்டுவியா? படிச்சுக் கிழிச்ச லட்சணம்!”

துணியை உதறி, பேட்டரியைப் பார்த்துக் கத்தியை ஓங்கினார். முதல் வெட்டில் சுவர்ச் சிமெண்டு தெறித்தது. பேட்டரியில் பட்டால் வீடே எரியும் என்று கத்தியபடி குறுக்கே பாய்ந்தேன். அடுத்த வெட்டு என் முன்னங்கையில் இறங்கியது. பேட்டரியின் வெள்ளை மூடியில் ரத்தம் வழிந்தது. அப்பா நிற்கவில்லை. கழுத்தைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். நான் அவர் வயிற்றில் உதைத்தேன். அப்பாவை உதைத்த கால் என்னுடையதுதானா என்று நினைக்கக்கூட நேரமில்லை.

வெளியே இடி. விளக்குகள் அணைந்தன. அறையில் அம்மாவின் இயந்திரம் கரண்டு இல்லாமல் அபாய ஒலியாக வீறிட்டது. அதற்கிடையே அம்மா மூச்சுக்கு இழுக்கும் சத்தம்.

கத்தி தரையில் விழுந்தது.

“எந்த சுவிட்சுடா? சொல்லித் தொலடா!”

அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அழுத்தினார். வெளிச்சம் வந்தது, இயந்திரம் மறுபடி உறுமியது. அம்மா இருமி, இருமி, சீராக மூச்சு விடும்வரை அப்பா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தார்.

“நாளைக்கு வேற செவுத்துல மாட்டு.”

“வெயிலுப்பா.”

“அப்பக் கூர போடு லா, படிச்சவனே!”