காசா கேட்டார்கள்?

வெளிநாட்டுப் பயணிகளைச் சைக்கிளில் தோட்டப் பக்கம் கூட்டிப் போவது இலங்கையின் பதுளையில் என் தொழில். அடைமழை விட்ட மறுநாள், பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதியுடன் ஹாலிஎல ஊரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் போனேன். அவர்கள் ஊரும் மலையடிவாரம்தான். திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள்.

இறக்கத்தில் வேகமெடுத்தபோது, மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். வெள்ளைக்காரர்களைக் கண்டால் சிலர் போட்டோவுக்கு நின்று காசு கேட்பதுண்டு. அந்த நினைப்பில், "காசெல்லாம் இல்லக்கா!" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டு மிதித்தேன்.

வளைவு திரும்பினால் பாதையே இல்லை. சரிந்து பள்ளத்தில் கிடந்தது. பிரேக்கை அழுத்தி, தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். முழங்கை கிழிந்ததோடு தப்பினேன்.

அந்தத் தம்பதி பின்னால் வரவில்லை. மலையில் வேலை செய்பவர்கள் கத்தினால் நின்றுவிடுவது அவர்கள் ஊர்ப் பழக்கமாம். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாதவர்கள் அப்போதே நின்றிருக்கிறார்கள்.

கூடையோடு ஓடிவந்த ஒரு அக்கா என்னைத் தூக்கிவிட்டார். "நாங்க காசா கேட்டோம், தம்பி? ரோடு சரிஞ்சு கெடக்கு, போகாதீங்கன்னுதானே கத்துனோம்!"

அதற்குள் அங்கே வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பெண், அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து எடுத்த அம்மாவின் சம்பளத்தில் படித்தவன் நான். "கவனமாகப் போகச் சொல்கிறார்" என்று பொய் சொன்னேன்.

இப்போது மலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி, "என்னங்க?" என்று கேட்கிறேன். கூப்பிட்டவர்கள் சொன்னதைக் கூட வரும் பயணிகளிடம் அப்படியே சொல்கிறேன், அது என்னைத் திட்டியதாக இருந்தாலும்.