சரியான விடைக்கு ஓர் இன்ட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் மரகதம் வந்து நின்றாள். இருபத்தைந்து வருடம் முன்பு என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்கு படித்தவள். இப்போது பனியன் கம்பெனியில் துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர். கையில் மகள் தீபாவின் விடைத்தாள்.

"பாருங்க சார். எனக்கு நீங்க போட்ட அதே இன்ட்டு."

(2, 3), (6, 11) — இந்த இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் கோட்டின் சாய்வு என்ன? பதினொன்றில் மூன்றைக் கழித்தால் எட்டு. ஆறில் இரண்டைக் கழித்தால் நான்கு. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. தீபா தலைகீழாகக் கழித்திருந்தாள். மைனஸ் எட்டு, மைனஸ் நான்கு. வகுத்தால்? அதே இரண்டுதான்! மேலும் கீழும் ஒரே வரிசையில் கழித்தால் போதும்... எந்தப் புள்ளியில் தொடங்கினால் என்ன?

இதைத்தான் அன்று மரகதம் வகுப்பில் எழுந்து சொன்னாள். "எதிர்த்தா பேசறே?" என்று வெளியே நிறுத்தினேன். மதியம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அவள்தான் சரி. ஆனாலும் நான் இன்ட்டை மாற்றவில்லை. பிள்ளைகள் முன்னால் வாத்தியார் தோற்பதா? பத்தாவது முடித்து அவள் மேத்ஸ் குரூப் பக்கமே போகவில்லை.

"இவளும் மேத்ஸ் குரூப் வேண்டாம்ங்கறாளுங்க. நீங்க வந்து சொல்லுங்க சார். டி-ஷர்ட் தோளைக் கழுத்துல இருந்து அளந்தா ஒரு சரிவு, கைப்பக்கம் இருந்து அளந்தா ஒரு சரிவுங்களா?"

தீபாவின் பள்ளிக்குப் போனேன். அங்கே கணக்கு வாத்தியார் சண்முகம். அவனும் என் மாணவன்தான்!

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க சார். ரெண்டாவதுல இருந்து முதலாவதைத்தான் கழிக்கோணும்னு..."

"நான் சொன்னது தப்பு சண்முகம். மாத்து."

"ரெண்டே மார்க்குதானுங்க சார். இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? உங்க பேருதான் கெட்டுப்போகும்."

"கெடட்டும். கிளாசுக்குக் கூட்டிட்டுப் போ."

போர்டில் இரண்டு விதமாகவும் எழுதினேன். "உங்க சாருக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தவன் நான். தீபாவோட அம்மா சரின்னு தெரிஞ்சும் இன்ட்டை மாத்தாம விட்டவனும் நான்தான்" என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு குரல். "அப்ப எனக்கும் ரெண்டு மார்க் வருமுங்களா?"

வகுப்பே சிரித்தது. சண்முகம் சிவப்புப் பேனாவைத் திறந்தான்.

தீபா மேத்ஸ் குரூப்தான் என்று சொல்லிவிட்டாளாம். என்னோடு வேலை பார்த்த பழைய வாத்தியார்கள்தான் போனில் திட்டுகிறார்கள் — சின்னப் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் வாத்தியாருக்கு என்ன மரியாதை?

சொல்வேன். எந்த வகுப்பில் கூப்பிட்டாலும் போய்ச் சொல்வேன். இருபத்தைந்து வருடம் நான் மரியாதையோடுதான் இருந்தேன். மரகதம்தான் மேற்கொண்டு கணக்கு படிக்கவில்லை.