பட்டர் பேப்பர் வைத்த மேசை

நார்வே மலைமேல் இருக்கும் அந்த ஓட்டலை முப்பத்தோரு வருஷம் நிர்வகித்த தூரிட், ஓய்வு பெற்றபின் முதல் ஈஸ்டருக்கு அங்கேயே விருந்தாளியாகப் போனார். காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் பட்டர் பேப்பர் கட்டு இன்னும் இருந்தது. பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் மத்தியானத்துக்கு ரொட்டி மடித்துக்கொண்டு போவதற்காக அவர் வைத்தது அது.

அதற்காக ஒரு காலத்தில் சண்டையே போட்டிருக்கிறார். மேசையிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாதென்று முதலாளி ஹால்வர் பலகை மாட்டியிருந்தார். மறுநாளே ஒரு டாக்டரும் ஒரு பாதிரியாரும் ரொட்டியைக் கைக்குட்டையில் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் செருகுவதைத் தூரிட் பார்த்தார். நேரே போய்ப் பலகையைக் கழற்றினார்.

"யாரக் கேட்டுக் கழட்டுன?" என்றார் ஹால்வர்.

"யாரையும் கேக்கல. நம்பி வந்தவங்களத் திருட வச்சிட்டீங்க. நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அன்றிலிருந்து தூரிட்டே மேசையருகில் நின்று மடித்துக் கொடுத்தார். யாருக்குப் பழுப்புச் சீஸ், யாருக்கு ஆட்டிறைச்சி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இப்போது அந்த இடத்தில் பழைய சமையல்காரர் ஒட்வார் நின்றார். தாளை விரித்து, "உனக்கு என்ன வச்சு மடிக்கட்டும், தூரிட்?" என்று கேட்டார்.

இருபது வருஷத்துக்கு முன் ஏழாம் அறையில் தங்கியவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் தூரிட் உடனே சொல்லியிருப்பார். பின்னால் வரிசை நீண்டது.

"கொஞ்சம் இரு, ஒட்வார். யோசிச்சுச் சொல்றேன்."